டில்லி பாடாமல் விட்ட இருபத்தொரு விநாடி

ஆலைத் தறிகளின் ஆரவாரத்தையும் தம் ஒற்றைக் குரலால் அடக்கிய கால்டர் பள்ளத்தாக்கு நாட்டுப்பாடல் கழகத்தின் தலைவர் ஆர்னல்ட் கிரீன்வுட் அவர்களே! இந்தச் சிற்றாலயத்தின் மேல்மாடியை ஒன்பது ஆண்டுகளாக நமக்குத் திறந்துவிட்ட மூப்பர்களே! தேநீர்க் கொதிகலனின் ஆவிக்கு நடுவிலும் செவிசாய்க்கும் தாய்மார்களே! இன்றைய தீர்மானத்தைக் கொண்டுவந்திருக்கும் செயலாளர் வால்டர் ஹாரக்ஸ் அவர்களே! கடைசி வரிசையில், கோட்டு மாட்டும் ஆணிகளுக்கு அடியில், குனிந்த தலையோடு உட்கார்ந்திருக்கும் டில்லி ஆக்ராய்டே! எல்லோருக்கும் எடித் ஃபீல்டனின் பணிவான வணக்கம்.

தேநீர் முடிந்ததும் கையைத் தூக்கப் போகிறோம். டில்லியின் பெயரைக் கழகப் பட்டியலிலிருந்து அடிப்பதா, வேண்டாமா? பெந்தெகொஸ்தே ஊர்வலத்தில் அவள் நமக்கு முன்னால் நடந்து பாடுவதா, வேண்டாமா? இதுதான் கேள்வி.

என்ன? "எந்தப் பக்கம்மா நீங்க?" என்றா கேட்கிறீர்கள்? அது தெரிந்திருந்தால் நான் மேடையேறியே இருக்க மாட்டேனே! குழப்பத்தோடு வந்திருக்கிறேன். குழப்பத்தைத்தான் கொட்டப் போகிறேன்.

நான் பாடகி அல்ல, படித்தவளும் அல்ல. வேதாகமத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டித் தமக்குத் தாமே வாசிக்கக் கற்றவர்களில் ஒருத்தி. சனிக்கிழமைதோறும் யார் எதைப் பாடினார்கள் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. அந்த நோட்டில் டில்லி இருநூற்றுப் பன்னிரண்டு முறை இருக்கிறாள். துணைக்கு வாத்தியம் கிடையாது. காதுக்குப் பின்னால் கையைக் குவிப்பாள், கண்ணை மூடுவாள், அவ்வளவுதான். அந்தக் குரலில் நம் ஆலை இருந்தது, நம் அழுகை இருந்தது, நம் ஆண்டவரும் இருந்தார்.

அந்த டில்லிதான் லண்டனுக்குப் போனாள். அந்த டில்லிதான் 'ஊதா மணிக்கூண்டு' என்ற இசைத்தட்டோடு திரும்பி வந்தாள். பத்திரிகைக்காரர்கள் அதைச் சைக்கடெலிக் என்கிறார்கள். அந்தச் சொல்லை என் வேதாகம அகராதியில் தேடினேன். சைப்ரஸ் தீவுக்கும் சைப்ரஸ் மரத்துக்கும் பக்கத்தில்கூட அது இல்லை.

சமையலறையில் அந்த இசைத்தட்டைச் சுழலவிட்டேன். தேனீக்கள் ஆலய ஆர்கனுக்குள் குடிபுகுந்தது போல ஒரு ரீங்காரம். மணியோசை முன்னுக்கு வராமல் பின்னுக்குப் போகிறது. என் கணவர் நார்மன் பேப்பரை இறக்கினார்.

"வேகத்தைத் தப்பா வச்சிட்டியா, எடித்?"

"முப்பத்து மூணுலதான் இருக்கு."

"நாப்பத்தஞ்சுல போடு."

போட்டேன். குரல் கீச்சிட்டு டில்லி சுண்டெலியானாள். "திருப்பியே வச்சிடு, தாயே" என்றார்.

சிரிக்காதீர்கள். அன்று முழங்காலில் நின்றேன். இது பாவமா, பாட்டா என்று கேட்டேன். பதில் வரவில்லை. கர்த்தருக்கே குழப்பமோ என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்புக்காக மறுபடியும் முழங்காலிட்டேன்.

குழப்பத்தின் உச்சம் கடைசிப் பாட்டு. நம் 'சாரா' பாட்டு! நம் ஊர்க் குழந்தைகள் தொட்டிலிலேயே கேட்கும் பாட்டு! முதல் சரணம் முடிகிறது. பல்லவி வர வேண்டும்.

*எழுந்திரு சாரா, சங்கு ஊதியாச்சு,*
*இன்னும் தூங்கினா கதவு சாத்தியாச்சு!*

வரவில்லை! ஒரு சொல் இல்லை. வெறும் ரீங்காரம். பேருந்து நேரக்காப்பாளரான என் கணவரின் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன்: இருபத்தொரு விநாடி. பிறகு இரண்டாம் சரணத்தை எடுக்கிறாள், ஒன்றுமே நடக்காதது போல.

வால்டர் அவர்கள் தட்டைக் கடைக்கே கொண்டுபோனாரா, இல்லையா? நானும் அங்கே இசைத்தட்டு முள் வாங்க நின்றேன்.

"பல்லவி அழிஞ்சு போச்சுப்பா, வேற குடு."

"மூணாவது தட்டு இது, ஹாரக்ஸ். மூணும் ஒரே மாதிரிதான் பாடுது."

"பாடலன்னுதான்யா சொல்றேன்!"

கோபிக்காதீர்கள் வால்டர். நானும் அதைப் பழுது என்றுதான் நம்பினேன், செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தட்டு ஓடியது. சரணம் முடிந்தது. என்னைக் கேட்காமலே என் வாய் பல்லவியைப் பாடிற்று! அச்சில் வார்த்த மாதிரி அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்தது. மாவுக் கையோடு அப்படியே நின்றேன். பதினான்கு முறை பாடிப் பார்த்தேன். பதினான்கு முறையும் நான் முடித்த பிறகு இரண்டு விநாடி மிஞ்சியது. அந்த இரண்டு விநாடி யாருடையது?

தாங்கவில்லை. டில்லி தங்கியிருக்கும் அவள் அம்மா வீட்டுக்கே போய் அவளிடம் கேட்டுவிட்டேன்.

"எங்களுக்காகத்தான் இடம் விட்டியா கண்ணு?"

"தெரியல ஆன்ட்டி. ரெக்கார்டிங் ரூம்ல காதுக்குப் பின்னாடி கையை வைக்கப் போனேன். ஹெட்போன் இடிச்சுது. கை எங்க போறதுன்னு தெரியாம நின்னுச்சு. சரணத்தை முடிச்சேன், வாயை மூடிட்டேன்."

"ஏன் மூடின?"

"நம்ம மாடியில பல்லவிய நான் என்னைக்கு ஆன்ட்டி பாடியிருக்கேன்? நீங்கல்லாம் பாடுவீங்க, நான் மூச்சு வாங்குவேன். அங்க யாருமே பாடல. மனசுக்குள்ள உங்க குரலக் கேட்டு முடிக்கிற வரைக்கும் நின்னேன். வால்டர் மாமா கடைசிச் சொல்ல இழுப்பாருல்ல, அதுக்கும் சேத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க அற்புதம், அற்புதம்னு குதிச்சாங்க. நான் ஏன் அழுதேன்னு ஒருத்தரும் கேக்கல."

வால்டர் அவர்களே! மூன்று தட்டை மாற்றினீர்களே, மூன்றிலும் நீங்கள் இருந்தீர்கள்! அந்த இரண்டு விநாடி உங்களுடையது!

அந்தத் தேனீக்கள் வேண்டுமா? தெரியாது. பின்னுக்குப் போகும் மணிகள் புண்ணியமா? தெரியாது. ஆறு பாட்டு எனக்கு இன்றும் விளங்கவில்லை. இரண்டு பிடிக்கவும் இல்லை. ஆனால் நம்மை மறந்தவள் என்கிறதே தீர்மானம்! மறந்தவள் காத்திருப்பாளா? மறந்தவள் இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று அளந்து காத்திருப்பாளா? முன்பின் தெரியாதவர்கள் நடுவில், நாம் வருவோம், நாம் பாடுவோம் என்று வாய்மூடிக் காத்திருந்தாளே, அவள் பெயரையா அடிக்கப் போகிறோம்?

இவ்வளவு நேரம் என் குழப்பத்தைச் சுமந்த தலைவருக்கும், தாய்மார்களுக்கும், தேநீரை ஆறவிட்ட என் பிழையைப் பொறுத்த எல்லோருக்கும் நன்றி சொல்லிக் கைகூப்புகிறேன். கர்த்தர் நம் கூட்டத்தைக் காப்பாராக.

ஒன்றே ஒன்று. வாக்குக்குக் கையைத் தூக்கும் முன், அதே கையைக் காதுக்குப் பின்னால் குவியுங்கள். தட்டைக் கொண்டுவந்திருக்கிறேன்.

நார்மன், முள்ளை இறக்குங்கள். முப்பத்து மூன்றில். வால்டர், நீங்கள் இழுக்க வேண்டியதை இழுங்கள். டில்லி, நீ பாடாதே.

நீ மூச்சு வாங்கிக்கொள், கண்ணே.