நாலாகப் பிரித்த நாவலுக்கு நியாயம் கேட்கிறேன்

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும், எங்கள் தையற்கூடத்தின் மேற்பார்வையாளரும் வாசகர் வட்டத்தின் தலைவியுமான அம்மையார் அவர்களே! ஊசி பிடித்தே விரல் தேய்ந்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பேச்சை உதட்டிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! காலர் மேசையே, கை மேசையே, இஸ்திரி மேசையே, என் மருமகளின் நாவலுக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்திருக்கும் காஜா மேசையே! அனைவருக்கும் என் வணக்கம். காஜா மேசைக்கு மட்டும் அரை வணக்கம்.

சிரிக்காதீர்கள். நான் இங்கே திகைத்துப்போய் நிற்கிறேன். போன கூட்டத்தில் திறந்த வாய் இன்னும் மூடவில்லை எனக்கு.

என் மருமகள் பகலெல்லாம் உங்களோடு காலர் தைத்துவிட்டு, வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினாள். காதல் கதை, படித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும் கதை. அச்சாகி வந்ததும் ஆசை ஆசையாய் நம் வாசிப்பு அறைக்கு ஒரு பிரதி கொடுத்தாள். அதை அலமாரியிலிருந்தே அகற்ற வேண்டுமாம்! இன்று கை தூக்கி முடிவெடுக்கப் போகிறீர்களாம்! இதைக் கேட்ட நாளிலிருந்து அவள் அடுத்த கதையைத் தொடவே இல்லை. "வேணாம் அத்தை, இனிமே எழுதல. எனக்கு வரலபோல," என்கிறாள். இதோ, கடைசி வரிசையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள்.

போன கூட்டத்தில் நடந்தது யாருக்கு மறந்தாலும் எனக்கு மறக்காது. காலர் மேசைத் தங்கை எழுந்தாள். "ஐயோ, பஸ்ல குடை மாறிப்போற இடத்துல சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு!" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. உடனே கை மேசைப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "சிரிப்பா? இப்படிச் சண்டை போட்டுப் பிரிஞ்சு அழறாங்களே, எழுதினவளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் வந்தாள் நம் காஜா அக்கா! கூரை ஒழுகிய அந்த வருஷம், நான் தைத்த காலரைத் தூக்கிப் பிடித்து, "இது காலரா, காக்கா ரெக்கையா?" என்று ஊரறியக் கேட்டாளே, அதே அக்கா! "வாழ வேண்டிய பொண்ணை நரைச்ச கிழவனுக்குக் கட்டி வெச்சிருக்கா. அந்தப் பொண்ணும் பல்லைக் காட்டிக்கிட்டே கையெழுத்துப் போடுது. இதைப் படிச்சா நம்ம பிள்ளைங்க கெட்டுப்போகாதா?" என்று மேசையைத் தட்டினாள். இஸ்திரி மேசை முழுவதும் "கெட்டுப்போகும், கெட்டுப்போகும்" என்றது.

நான் அதிர்ந்தேன்! இவர்கள் படித்தது ஒரே கதையா? எழுதியது ஒரே மருமகளா? இல்லை, எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா?

வாய் திறந்த மூன்று பேர் வீட்டுக்கும் போய்க் கேட்ட பிறகுதான் விளங்கியது. நம் கூடத்தில் முழுச் சட்டை தைத்தவர் யார்? ஒருவரும் இல்லை. காலர் ஒரு மேசை, கை ஒரு மேசை, பொத்தானும் அது நுழையும் காஜாவும் ஒரு மேசை, இஸ்திரி ஒரு மேசை. அந்தப் பழக்கத்தில், ஒரு புத்தகத்துக்கு இத்தனை பேர் காத்திருப்பானேன் என்று முதுகைப் பிரித்து, நாலு பாகமாக்கி, மேசைக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டீர்கள்! சட்டையை அப்படித் தைக்கலாம் தாயே, கதையை அப்படிப் படிக்கலாமா? கையை மட்டும் பார்த்துவிட்டு, கழுத்தே இல்லாத சட்டை என்று தைத்தவளை ஏசலாமா?

என்ன காஜா அக்கா? சத்தமாகக் கேள். "கிழவன் கிழவன்தானே, எந்தப் பாகத்துல படிச்சா என்ன?" என்கிறாயா? அடியே, அவன் கிழவனே இல்லை! வீட்டுக்குச் சாயம் பூசுகிற வாலிபன்! மூன்றாம் பாகத்தில், கல்யாணத்தன்று காலையில், ஏணி சரிந்து வெள்ளைப் பெயிண்ட் வாளி அவன் தலையில் கவிழ்கிறது. தேய்க்கிறான், தேய்க்கிறான், போகவில்லை. நேரமாகிவிட்டது என்று அப்படியே பதிவு அலுவலகத்துக்கு ஓடுகிறான். அதிகாரி அவனைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். "பயப்படாம சொல்லும்மா, யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்கிறார். அதனால்தான் உன் நாலாம் பாகத்தில் அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாள்!

ஆ, இப்போது சிரிக்கிறீர்களே! காஜா மேசையிலும் ஒரு தோள் குலுங்குகிறதே!

சரி, மூன்றாம் பாகம் யாரிடம் போனது? இஸ்திரி மேசைக்குத்தானே? அதைப் படித்த நீங்களுமா தலையாட்டினீர்கள்? என்ன? "எங்க கைக்கு அது வரவே இல்ல பெரியம்மா"வா? படிக்காமலேயா கெட்டுப்போகும் என்றீர்கள்? அப்படியானால் அந்தப் பாகம் எங்கே? காற்றில் பறந்ததா? கரையான் தின்றதா?

என்ன இது... தலைவி அவர்களே? நீங்கள் ஏன் எழுந்திருக்கிறீர்கள்? கைப்பையிலிருந்து என்ன எடுக்கிறீர்கள்?

அடக் கடவுளே! நீங்களா!

அவர் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "மன்னிச்சிடுங்க பெரியம்மா. பிரிச்சுக் குடுக்கும்போது சும்மா புரட்டினேன். அந்தப் பெயிண்ட் வாளி... குடுக்க மனசே வரல. மனசு சரியில்லாதப்ப எல்லாம் எடுத்துப் படிப்பேன். தீர்மானம் வந்தப்ப வாயைத் திறந்தா என் குட்டு உடைஞ்சிடும்னு பேசாம இருந்துட்டேன்."

கேட்டீர்களா சபையோரே? பழிப்பதற்கு ஒரு மேசை, அழுவதற்கு ஒரு மேசை, இந்த நாவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர் மட்டும் நாற்காலியில் மௌனம்! ஒருத்தி எழுத்தை நிறுத்துமளவுக்கு மௌனம்! காஜா அக்காவை ஒருவேளை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அவள் படித்ததை வைத்து வாய்விட்டுத் திட்டினாள். ரசித்துவிட்டு வாயை மூடிக்கொண்ட உங்களை எப்படி மன்னிப்பேன் தலைவி அவர்களே? யோசிக்க வேண்டும். நிறைய யோசிக்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். தீர்மானம் கிடக்கட்டும் ஓரமாக. அந்தப் பாகத்தை இந்த ஒலிபெருக்கியில் நீங்களே வாசியுங்கள்.

ஏய் மருமகளே, எங்கே நழுவப் பார்க்கிறாய்? உட்கார்! உன் எழுத்துக்கு இந்தச் சபை எந்தெந்த இடத்தில் சிரிக்கிறது என்று உன் காதாலேயே கேட்டுவிட்டு வீட்டுக்கு வா. அதற்குப் பிறகும் எழுத வரவில்லை என்று சொல்வாயானால், நான் ஒத்துக்கொள்கிறேன்.

இத்தனை நேரம் என் இரைச்சலைத் தாங்கிய பெரியோர்க்கு நன்றி, தாய்மார்க்கு நன்றி, எல்லா மேசைக்கும் வணக்கம் சொல்லி அமர்கிறேன்.

வாசியுங்கள் தலைவி அவர்களே. வெட்கப்படாமல், உரக்க!