காலிப் பெஞ்சுகளைப் பார்த்து விடைபெறும் தலைமையாசிரியர் ஜனாப் நூர் அகமது அவர்களுக்கு

மலைக்கோட்டை அடிவாரத்தில் மாணவர் மனம் அறிந்த மாண்பாளரே! கண்டிப்பும் கனிவும் கலந்த கணித ஆசானே! எங்கள் தலைமையாசிரியர் பெருந்தகையீர்!

ஒச்சப்பனை விட்டுவிட்டு எழுதும் மடலை வாங்க மாட்டேன் என்று தாங்கள் சொல்லிவிட்டதால், அவனையும் சேர்த்தே எழுதுகிறோம்.

தாங்கள் பொறுப்பேற்ற 1958ஆம் ஆண்டில் பெரிய வகுப்புப் பையன்களில் பாதிப் பேர் பள்ளிக்கே வருவதில்லை. வந்தவர்களும் பூட்டுப் பட்டறையில் அரத்தால் ராவிய அலுப்பில் மேசைமேல் சாய்ந்து உறங்கினார்கள். நாங்கள் பிரம்பை எடுத்தோம். தாங்களோ பட்டறை பட்டறையாக நடந்தீர்கள். அன்று பள்ளிக்கு வந்தவனுக்கே அன்று மாலை வேலை என்று முதலாளிகளிடம் பேசி முடித்தீர்கள். அடையாளமாகப் பையன்களின் புறங்கையில் பள்ளி முத்திரையைக் குத்தி அனுப்பினோம். பெஞ்சுகள் நிரம்பின. ஆய்வாளர் மெச்சினார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

எட்டாம் வகுப்பு ஒச்சப்பன் ஒருநாள் கொதிக்கும் காய்ச்சலோடு வந்தான். வீட்டில் போய்ப் படு என்று நாங்கள் சொல்லியும், முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனான். அங்கே மயங்கி விழுந்தவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. உடலைக் குளிப்பாட்டும்போதும் அவன் கையில் முத்திரை மை இருந்தது.

காய்ச்சலோடு ஏன் அனுப்பினீர்கள் என்று தாங்கள் கேட்டபோது, அவன் தாய் முத்துப்பேச்சி கோபப்படக்கூட இல்லை.

"பள்ளிக்கூடம் போகாட்டி பட்டறையில சேக்க மாட்டாகன்னு நீங்கதான சார் சொன்னீக."

மறுநாளே முத்திரையை நிறுத்தினீர்கள். அந்த வாரமே பெஞ்சுகள் காலியாயின. மறுபடி குத்தலாம் என்று நாங்கள் மன்றாடியும் இசையவில்லை. அன்றுமுதல் மாலைதோறும் வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். சிலரை மீட்டீர்கள், பலரை மீட்க முடியவில்லை. முத்திரை சரியா, அதை நிறுத்தியது சரியா என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. தவறு என்னுடையது என்று ஊரறியச் சொல்லிவிட்டு, அதே தெருக்களில் தலைகுனிந்து நடந்த தங்கள் நேர்மையைக் கண்டு நெஞ்சு நெகிழ்ந்து பாராட்டுகிறோம்.

நூறாண்டு வாழ்க என்றுதான் இம்மடலை முடித்திருந்தோம். அச்சுக்குப் போகுமுன் வாங்கிப் படித்த தாங்கள், அந்த வரியை மட்டும் அடித்தீர்கள்.

"பதிமூணு வயசுல ஒருத்தன் போயிட்டான். எனக்கு எதுக்குய்யா நூறு?"

ஆண்டுக் கணக்கு எழுதவில்லை, ஐயா. நோய்நொடியின்றி இருங்கள். இரவில் நன்றாக உறங்குங்கள்.

திண்டுக்கல்,
ஏப்ரல் 1965

தங்கள் அன்பு மறவாத
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள்