ஏணிக்குக் கீழே மூணு ஜோடி செருப்பு

கலியபெருமாள்: ...அத மட்டும் குரூப்புல போட்டுடாத அன்வரு. ஒன்னக் கையெடுத்துக் கும்புடறேன்.

அன்வருதீன்: போட்டோவுல என்னாண்ணே இருக்கு? ஒரு விமானம். அதுக்கு ஒரு ஏணி. ஏணிக்குக் கீழ செருப்பு. அவ்ளோதான்.

கலியபெருமாள்: யாரு செருப்புன்னு கேப்பானுங்க.

அன்வருதீன்: நம்ம ஊரு மேட்டுப்பாளையம் கம்பெனியில முப்பது வருஷம் ஒங்க காலப் பாத்தவனுங்க. கேக்கவே மாட்டானுங்க.

சந்திரகலா: ரெண்டு பேரும் டீயக் குடிங்க. தெருமுனையில கேபிள் வயரு தொங்குது, கேரவன் உள்ள போவாதாம். டிரைவர் கழி தேடிப் போயிருக்காரு.

கலியபெருமாள்: நாலு நாளா எங்கெங்கியோ சுத்துன வண்டி. நம்ம உழவர்கரைக்கு வந்து மாட்டிக்கிச்சி பாரு.

அன்வருதீன்: வண்டி மாட்டுனது போவுது. மியூசியத்து விமானத்துல நீங்க பெல்ட்டுல மாட்டுனீங்களே...

கலியபெருமாள்: பழைய விமானம்டா. பெல்ட்டு துருப்புடிச்சிக் கெடக்கு.

அன்வருதீன்: பக்கத்து சீட்டுப் பொண்ணு ரெண்டு வெரல்ல கழட்டி வுட்டுச்சேண்ணே.

சந்திரகலா: அதுக்கு நன்றி சொல்றேன்னு இவரு ‘மெர்சி’ன்னாரு. அந்தப் பொண்ணு பயந்துடுச்சி.

கலியபெருமாள்: பிரான்சுல மவன் வீட்ல ரெண்டு மாசம் இருந்த பழக்கம். தானா வருது.

அன்வருதீன்: வரும் வரும். சேலத்துல நம்ம கம்பெனி கோவிந்தசாமி வீட்ல ஒரு மணி நேரம் பிரான்சு. ஓசூர்ல அன்பழகன் வீட்ல ரெண்டு மணி நேரம் பிரான்சு. பாவம், பிரியாணி ஆறிப்போச்சி... ஏண்ணே, அங்கல்லாம் செருப்பக் கழட்டி வெச்சிட்டுத்தான் விமானம் ஏறுவாங்களா?

கலியபெருமாள்: ...அது ஒழைச்ச மிஷின். ஆயுத பூஜையன்னிக்கு மிஷின் கிட்ட செருப்போட போவமா நாம?

அன்வருதீன்: ஒங்களப் பாத்து, பின்னால வந்த பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நாப்பதும் கழட்டிடுச்சிங்க. வாட்ச்மேன் ஓடியாந்து, யாரு இங்க கோயில் கட்டுனதுன்றாரு.

சந்திரகலா: போட்டோவுல முன்னால மூணு ஜோடி தனியா இருக்கே தம்பி. ஒண்ணு அவருது, ஒண்ணு என்னுது...

அன்வருதீன்: அண்ணன் கழட்டுனாரு, நானும் கழட்டுனேன் அண்ணி.

கலியபெருமாள்: நீதாண்டா மொதல்ல ஏறுன. ஒன்னப் பாத்துதான் நானே கழட்டுனேன்.

அன்வருதீன்: ...டீயில சக்கர கம்மி.

கலியபெருமாள்: பேச்ச மாத்தாத. துபாய்ல மவ வீட்ல ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தவன், ஒனக்குத் தெரியலன்னா எப்பிடி?

சந்திரகலா: எனக்கு ஒண்ணுதான் புரியல. பிளேன்லயே வாங்கன்னு அன்பழகன் கூப்புட்டப்ப, ரெண்டு பேரும் ஒரே கொரல்ல கேரவன்னு கத்துனீங்க.

அன்வருதீன்: நான் சொல்லிடுவேன் அண்ணி. அண்ணன் பிரான்சுல இருந்த மாசம், இங்க குருசுக்குப்பத்து மொட்டமாடியில தலையில துண்டப் போட்டுக்கிட்டு கைலி காயப்போட்டது யாரு?

கலியபெருமாள்: மெதுவாப் பேசுடா.

அன்வருதீன்: சும்மா கேட்டேண்ணே.

கலியபெருமாள்: கம்பெனி ஆளுங்க மண்டபம் புடிச்சி, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மேடையில சால்வ போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புனானுங்களே... மறுநாளு எனக்கு விசா இல்லன்னுட்டான். எந்த மூஞ்சியோட வூட்டுக்குத் திரும்புறது? அழுதுட்டேன் அன்வரு.

அன்வருதீன்: தெரியும்ணே. அதான் இத்தினி நாளா வாயத் தொறக்கல.

கலியபெருமாள்: இரு... அந்த மாசம் நீ துபாய்லல்ல இருந்த? என்ன எங்கேர்ந்து பாத்த?

அன்வருதீன்: டிரைவர் வராரு போலருக்கு...

கலியபெருமாள்: வரல. சொல்லு.

சந்திரகலா: அவர என்னாத்துக்குக் கேக்கறீங்க? அவரு மவ அடுத்த வருஷம் வாங்கன்னுட்டா. குருசுக்குப்பத்துல வூடு பாத்துக் குடுத்ததே அவரு சம்சாரம் கரீமாதான். மாடி நமக்கு பிரான்சு, கீழ அவங்களுக்கு துபாய். நீங்க ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டு ஒளிஞ்சிருந்தீங்க... நானும் அவளும் நடுப்படியில ஒக்காந்து தெனம் மீனு ஆஞ்சோம்.