தலைப்பாகைக்கு ஒரு ஸ்பிரிங்

சனிக்கிழமை காலை, லண்டனில் கோலியர்ஸ் வுட் போகும் பேருந்தின் மேல்தட்டு. எனக்கு முன்னால் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருவரும், அவருடைய மெக்கானிக்கும்.

“மாப்பிள்ளைத் தலைப்பாகை கார்க் கூரையிலை முட்டக்கூடாது. அதுக்குத்தான் பின் சஸ்பென்ஷனை மாத்தோணும்,” என்றார் பெரியவர்.

“கூரையை வெட்டிப் பதிச்சது ஆர், அண்ணை?”

“நான்தான். அப்ப மகன்ரை கலியாணத்தை ஆர் நினைச்சது?”

“மாப்பிள்ளை தலைப்பாகையை மடியிலை வைச்சிருக்கட்டுமன்.”

“வீட்டிலை வைச்சுவிட்டால் மண்டபம் போகுமட்டும் கழட்டக்கூடாதாம். முட்டினால் வாடகைக் கார்தான் எண்டு மனிசி சொல்லிப்போட்டா. அந்தப் பழைய காரைப் பத்து வருஷமாச் செதுக்கினனான், தம்பி. பிள்ளை அதிலைதான் போகோணும்.”

“இப்ப இருக்கிற பட்டை ஸ்பிரிங் தூக்கித்தான் போடும். சுருள் ஸ்பிரிங் பரவாயில்லை. காத்துப் பை எண்டால் மெத்தை மாதிரி, ஆனால் காரின்ரை அடிச்சட்டம், சேஸிஸை வெட்டோணும்.”

“சேஸிஸிலை கை வைக்க விடமாட்டன்.”

“அப்ப சுருளைப் போட்டு, நீங்களே தலைப்பாகையோடை பின்னாலை இருந்து பாருங்கோ.”

“பட்டை ஸ்பிரிங்கோடை நேற்று இருந்து பாத்தனான். மனிசிதான் ஓட்டினவ.”

“மெதுவாவோ?”

“றோட்டிலை இருந்த ஸ்பீட் பம்ப் ஒண்டையும் விடேல்லை.”

பெரியவர் தொப்பியைக் கழற்றி உச்சந்தலையைத் தடவினார். பேருந்து ஒரு நிறுத்தம் தாண்டியது.

“சேஸிஸை வெட்டு, தம்பி.”