பூசைக் கொப்பியில ஒரு பேர்

வேண்டாம் ஃபாதர், நிண்டே சொல்லுறன். பிள்ளை தள்ளுவண்டிலுக்குள்ள நித்திரை. எழும்பினானெண்டால் கோயிலைத் தலைகீழாக்குவான்.

வெரோனிக்காவைத் தெரியுந்தானே, எங்கட இவற்ற அக்கான்ர மகள். ஓம், அவள்தான். தொங்குரயில் ஏறிக் கலைப் பள்ளிக்கூடம் போறவள். அங்க கொஞ்சப்பேர் ஆடீனம், கொஞ்சப்பேர் நடிக்கீனம், இவள் கதை எழுதப் படிக்கிறாளாம். அதுக்கும் ஒரு படிப்பு. மேசையில வெங்காயம் ஒண்டை வைச்சிட்டு, ஒரு மணித்தியாலம் பாத்து எழுதட்டாம். எங்கட வீட்டை வந்தால் ஒரு வெங்காயம் உரிக்கத் தெரியாது. ரீச்சர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நிலத்தில இருந்துதான் படிப்பிக்கிறாவாம். நான் அஞ்சாம் வகுப்போட நிண்டனான். எங்களுக்கும் நிலந்தான், ஆரும் அதைக் கலையெண்டு சொல்லேல்லை.

எரிச்சலோ? சீ, சிரிப்புத்தான் வருது.

போன மாசம் விசா அன்ட்ராக் ஃபோம் நிரப்ப வந்தவள். எனக்கு இந்த ஜேர்மன்காரற்ற டொச் வாசிக்க ஏலாது, எல்லாப் பேப்பரும் அவளிட்டைத்தான். அதுக்குள்ள என்ர அகதி விசாரணைப் பேப்பரும் கிடந்திருக்கு. ஆமி என்ர தம்பியை பஸ்ஸால இறக்கி, மூண்டு நாள் வைச்சிருந்து விட்டது, பிறகு அவன் தன்ர உயிரைத் தானே எடுத்தது, எல்லாம் அதில இருக்கு. என்னை ஒரு சொல்லுக் கேளாமல் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கதையா எழுதிக் குடுத்திட்டாள்.

அந்த ரீச்சர் பக்கத்தில சிவப்பில எழுதியிருக்கிறா, இது நம்பேலாதாம். ஆமி அவனை வைச்சிருந்த அறையில கலண்டர் தொங்கினது, நிலம் ஈரமாக் கிடந்தது, இதெல்லாம் வீட்டில இருந்த தமக்கைக்கு எப்பிடித் தெரியுமாம். வெங்காயம் பாக்கிற மனிசிக்கு அது மட்டும் விளங்கியிருக்கு. இவளும் வந்து நிண்டு, எப்பிடி மாமி தெரியும் எண்டு கேக்கிறாள். தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது எண்டனான்.

அது கிடக்கட்டும். வாற ஞாயிறு அவன்ர ஆன்மாவுக்குப் பூசை வைக்கச்சொல்லி உங்களிட்டைப் பேர் குடுத்திருக்கிறாளாம், யேசுதாசன் எண்டு. அதை வெட்டிவிடுங்கோ.

இல்லை, பேர் பிழையில்லை. எனக்குத் தம்பியே இல்லை ஃபாதர். விசாரணையில மொழிபெயர்க்க வந்திருந்தது எங்கட ஊர்ப்பக்கத்து ஆம்பிளை ஒராள். அவருக்கு முன்னால, தம்பிக்கு நடந்ததெண்டுதான் என்னால சொல்ல ஏலுமாயிருந்தது.

வண்டில் ஆடுது, எழும்பிட்டான். வாறன் ஃபாதர். வெட்டேக்க எழுத்துத் தெரியாமல் வடிவா வெட்டுங்கோ, அவள் வாசிக்கத் தெரிஞ்சவள்.