எச்சரிக்கை இனி வராது

உலாவியில் சிவப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள் சார். பாதிப் பேருக்கு அங்கேயே கோளாறு தீர்ந்துவிடும். தேதி தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழ்கூடக் காலாவதியானதாகத் தெரியும். அலுவலகத்தில் நாள் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கும்.

என் மனைவிக்கு அந்த எச்சரிக்கை வந்த அன்றும் தேதியைத்தான் பார்த்தேன். சரியாக இருந்தது. இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"பாதுகாப்பு இல்லன்னு சொல்லுதுங்க. யாராவது என் மெயிலைப் படிக்கிறாங்களா?"

"உன் மெயிலைப் படிக்க யாருக்கு நேரம் இருக்கு? தள்ளு, பார்க்கிறேன்."

சான்றிதழ் என்பது ஒரு தளம் காட்டும் அடையாள அட்டை. ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, எங்கள் அலுவலகத்தில் அவர்களுக்கும் இணையத்துக்கும் நடுவே ஒரு கணினியை உட்கார வைத்திருப்போம். எல்லாத் தளங்களின் பெயரிலும் அதுவே அட்டை அடித்துக் காட்டும். உலாவிகள் அதை நம்பும்படி நாங்களே ஏற்பாடு செய்துவிடுவோம். அதையே வீட்டிலும் செய்தேன். அவள் உலாவி முதலில் நம்ப மறுத்துச் சத்தம் போட்டது, அவ்வளவுதான். என் சான்றிதழை அதில் சேர்த்தேன். எச்சரிக்கை போய்விட்டது. அவள் சந்தோஷமாக எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அவளுடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்டையில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்து பேச்சு போய்விட்டது. வேறு ஊரில் தனியாக இருந்தாள். இருவருக்கும் மெயில்தான் பேச்சு. "நீ அவர்கிட்ட பட்டது போதும். என்கூட வந்து இருந்துடு" என்று அக்கா எழுதினாள். நான் அப்படியொன்றும் கொடுமைக்காரன் இல்லை. கோபம் வரும். எந்த வீட்டில் வராது?

மெயில்களை நடுவழியில் பிடித்து, முதலில் அந்த வரிகளை மட்டும் எடுத்தேன். பிறகு கொஞ்சம் சேர்த்தேன். 'இங்க வராதே, எனக்கு நீ பாரம்' என்று தங்கைக்கு. 'வர முடியாது, இனிமே கூப்பிடாதே' என்று அக்காவுக்கு. இரண்டு பேருடைய நடையும் எனக்குக் கைவந்துவிட்டது. நோய் முற்றிய பிறகும் அக்கா விடவில்லை. "ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ." அதையும் நான் காட்டவில்லை. போனால் இவள் திரும்பி வரமாட்டாள்.

சாவுச் செய்தியை மருத்துவமனையிலிருந்து போனில் சொன்னார்கள். "என்னை ஏன் வேணாம்னு சொன்னா?" என்று இவள் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் தண்ணீர் கொடுத்துத் தலையைத் தடவினேன். "விடு, சில பேர் மனசு அப்படித்தான்" என்றேன். எனக்கே கஷ்டமாக இருந்தது.

நான் செய்த தப்பு ஒன்றுதான். சான்றிதழுக்கு நானே காலாவதித் தேதி வைத்திருந்தேன். ஊருக்கெல்லாம் புதுப்பிக்கச் சொல்கிறவன் வீட்டில் கோட்டை விட்டேன். எச்சரிக்கை மறுபடி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அவளே விவரங்களைத் திறந்து, சான்றிதழை வழங்கியவர் யார் என்று பார்த்திருக்கிறாள். சோதனைக்காகப் போட்ட என் பெயர் அப்படியே இருந்தது.

நான் வீடு திரும்பியதும் லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். கத்தவில்லை.

"அக்கா என்னைக் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா. கடைசி வரைக்கும்."

கேட்டதும் உண்மையைச் சொல்லிவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுங்கள் சார், அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?