கதை காந்தத்துல ஒட்டாது

இல்லண்ணே, அவர் வர்ற வரைக்கும் நீங்க நிக்க வேண்டாம். இந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் எல்டன் ஹாட் டாக் வரிசையில நிக்கறார். அது இப்போதைக்கு நகராது. குடுங்க, நானே பாத்துச் சொல்றேன்.

என்ன சிரிப்பு? பொம்பளைக்கு என்ன தெரியும்னா? தப்பில்ல, எல்லாரும் அப்படித்தான் சிரிப்பாங்க. இந்தப் பழைய பட்டாளச் சாமான் சந்தையில நானும் வெர்னாவும்தான் பொம்பளைங்க. வெர்னா ஆப்பிள் பை விக்கறா. நான் கல்யாணம் ஆனதுலேருந்து இந்த மேசைக்குப் பின்னாடி உக்காந்து ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருக்கேன். கண்ணும் கையும்தான் ஊசிக்கு. காது சும்மாதானே இருக்கு, அது பாட்டுக்குக் கத்துக்கிச்சு.

ம். இரும்புச் சிலுவை. ஹிட்லர் காலத்து ஜெர்மன் பதக்கம். யாரோடதுண்ணே? உங்க தாத்தாவோடதா. அவரே ஜெர்மனியிலேருந்து கொண்டாந்தாரா. நல்லது. இங்க வர்ற சிலுவைக்கெல்லாம் ஒரு தாத்தா உண்டு. அட, கோச்சுக்காதீங்க, பொதுவாச் சொன்னேன்.

பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். இந்த மேசைக்கு வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். எங்கயாவது ஊதா ரிப்பன்ல, இதய வடிவத்துல, ஒரு பதக்கம் கண்ணுல பட்டுச்சா? ஜெர்மன் இல்ல, நம்ம நாட்டுது. சண்டையில காயம் பட்டவங்களுக்குக் குடுப்பாங்களே, அது. பின்னாடி ஹார்லன் பிக்ஸ்லர்னு பேர் வெட்டியிருக்கும். எங்கப்பா. மார்ச் மாசத்துலேருந்து காணோம்.

படலையா. சரி.

நாங்க இப்ப விக்கறதுக்குன்னு வர்றதில்லண்ணே. பேருக்கு நாலு பெல்ட்டு, ரெண்டு தொப்பி பரப்பி வச்சிருக்கோம். ஒஹாயோல எந்த ஊர்ல இந்தச் சந்தை போட்டாலும் வந்து உக்காந்து இதே கேள்வியக் கேக்கறோம். சனிக்கிழமை ஆனா இதான் பொழப்பு. ஆம்பளைங்க சில பேர் என்னைப் பாத்ததும் அவங்களே இல்லக்கான்னு தலையாட்டிட்டுப் போயிடறாங்க.

சரி, உங்க சிலுவைக்கு வருவோம். முதல்ல காந்தம். அசல் சிலுவைன்னா நடுவுல இருக்கற கறுப்பு, இரும்பு. சுத்தி இருக்கற வெள்ளைச் சட்டம், வெள்ளி. காந்தத்தைக் காட்டுனா நடு ஒட்டணும். பாருங்க... ஒட்டற மாதிரி இருக்கு. இல்ல, ஒட்டாம வழுக்கிட்டுப் போகுது பாருங்க. அதாவது ஒட்டல.

பயப்படாதீங்க. இரும்பு இல்லாமச் செஞ்ச நல்லதும் சிலது உண்டு. காந்தம் ஒண்ணை வச்சு யாரையும் தள்ளி வைக்க முடியாது. எல்டன் ஒரு தடவை என் சம்பந்தி அம்மா நெக்லஸ்ல காந்தம் வச்சுப் பாத்தார், கல்யாணச் சாப்பாடு நடந்துக்கிட்டிருக்கறப்ப. வேணும்னு இல்ல, கை பழக்கம். அது ஒட்டிக்கிச்சு. அப்புறம் சம்பந்தி அம்மா எங்க வீட்டுப் பக்கம் வரல.

அடுத்து ஓரம். இந்த லென்ஸ் வழியாப் பாருங்க. நல்லதுல முன்னாடிச் சட்டம் ஒண்ணு, பின்னாடிச் சட்டம் ஒண்ணு, ரெண்டையும் சேத்துப் பத்த வச்சிருப்பாங்க. அதனால விளிம்பைச் சுத்தி முடி மாதிரி ஒரு கோடு ஓடும். உங்களுதுல கோடு இருக்கா? எனக்கும் தெரியல. இது அச்சுல ஒரே வார்ப்பா ஊத்தி எடுத்து, நடுவுக்குக் கறுப்பு பெயின்ட் அடிச்சது மாதிரி இருக்கு.

மாதிரி இருக்குன்னுதான் சொன்னேன். இங்க யாரும் யார் சாமானையும் போலின்னு வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. அது இந்தச் சந்தையில பெரிய மரியாதைக் குறைவு. நல்லா இருக்குங்க, நன்றின்னு சொல்லிட்டு அதைத் துணி மேல குப்புற வச்சிடுவோம். குப்புற வச்சா தீந்துச்சு. விக்க வந்தவர் எடுத்துக்கிட்டு அடுத்த மேசைக்குப் போயிடுவார். வருத்தம் கிடையாது.

இன்னும் குப்புற வைக்கல பாருங்க. பொறுங்க.

இதோ இந்த ஊதா லைட். ரிப்பன் மேல அடிச்சா பழைய நூல் சும்மா கிடக்கும். சண்டைக்கு அப்புறம் வந்த நூல் பளிச்சுன்னு மின்னும். ஓ. நல்லாவே மின்னுது. வெர்னா கடையிலேருந்து பாத்தாக்கூடத் தெரியும். உங்க தாத்தா பின்னாடி ரிப்பனை மாத்தியிருக்கலாம். மாத்துவாங்க, மாத்துவாங்க.

வாசனையும் பாக்கணும். சிரிக்காதீங்க. புதுசைப் பழசாக் காட்டறதுக்கு டீத்தண்ணியில ஊறப் போடுவாங்க, மாட்டுச் சாணியில புதைப்பாங்க. இந்தியானாவுல எல்டனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஒரு மூட்டையைக் கோழிக் கூண்டுல போட்டு வச்சார். பதக்கம் பழசாகல, கோழி முட்டை வைக்கறதை நிறுத்திடுச்சு. இது... ம், ஷூ பாலிஷ்.

உங்க தாத்தா எந்தப் படையில இருந்தார்? ஞாபகம் இல்லையா. எந்த ஊர்ல எடுத்தாராம்? பெர்லின்லயா. நம்ம பையங்க பெர்லினுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சிடுச்சுண்ணே. பரவால்ல, தாத்தாங்க கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாங்க. எங்க எல்டன் ஒண்ணு சொல்வார், கதை காந்தத்துல ஒட்டாதுன்னு. நான் அவ்வளவு கறாரா இருக்க மாட்டேன். கதையும் கேப்பேன்.

ரிப்பனைக் கழட்டிப் பாக்கலாமாண்ணே? மேல வளையத்துக்கு உள்பக்கம் சில சமயம் செஞ்சவங்க எண் அடிச்சிருப்பாங்க. மெதுவாத்தான் கழட்டறேன்.

...

ம்.

இல்லல்ல, எண் இல்ல. ஒண்ணும் இல்ல. கொஞ்சம் இருங்க, இந்தத் துணியை மேசை மேல போத்திடறேன். கதவு திறந்து திறந்து மூடறதுல தூசியா வருது. அந்த ஓரத்தை அப்படி இழுத்து விடுங்க. ஆங். நன்றிண்ணே.

உங்களுது எங்கயும் போகல. என் கையிலதான் இருக்கு. விலை சொல்லணும்ல, அதுக்கு எல்டன் வரட்டும்.

இது ஒண்ணுதானா, இல்ல தாத்தா இன்னும் ஏதாவது கொண்டாந்தாரா? ஒரு பெட்டியா. வண்டியில இருக்கா. வெளிய நிக்கற பச்சை வண்டியா? சும்மா கேட்டேன். அதுல நம்ம நாட்டுப் பதக்கம் ஏதாவது... சரியாப் பாக்கலையா. ம்.

அவர் வர்றதுக்குள்ள எங்கப்பா கதையைச் சொல்றேன். அவருக்கு இந்த ஜெர்மன்காரங்க சுட்டுத்தான் இடது கால்ல ரெண்டு விரல் போச்சு. எனக்கு மாப்பிள்ளை அமைஞ்சவர் என்னடான்னா அவங்க பதக்கத்தைத் தேடித் தேடிச் சேக்கறார். அதுவும் ஆரம்பத்துல வாங்குனதெல்லாம் போலி. காந்தம், லைட் எல்லாம் அப்புறம் வந்த புத்திதானே. தூக்கிப் போடுங்கன்னா கேக்கல. கண்ணாடிப் பெட்டியில வரிசையா அடுக்கி, மேல குட்டி லைட் போட்டு, ஹால் சுவத்துல மாட்டிட்டார். ஏமாந்தது கண்ணு முன்னாடி இருந்தாத்தான் மறுபடி ஏமாற மாட்டோம்கறது அவர் கணக்கு. நல்லதெல்லாம் துணி துவைக்கற ரூம்ல, சோப்புத்தூள் டப்பாவுக்குள்ள கிடக்கு. இன்னும் அங்கதான் கிடக்கு.

எங்கப்பா ஒரு தேங்க்ஸ்கிவிங் பண்டிகைச் சாப்பாட்டுக்கு வந்தார். வான்கோழி கூட மேசைக்கு வரல. அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஏம்மா லொரீன், சண்டையில யாரு ஜெயிச்சதுன்னு உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னு கேட்டார். எல்டன் அன்னைக்கு வான்கோழியை வெட்டறேன்னு கையை வெட்டிக்கிட்டார்.

அப்பா தவறிப்போனப்ப அந்தப் பதக்கம் எனக்கு வந்துச்சு. நான் எல்டன்கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னேன். இது அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கணும், எல்லாத்துக்கும் மேல இருக்கணும். கீழ வரிசை வரிசையாப் பொய். மேல எங்கப்பா. எல்டன் மறு பேச்சுப் பேசாம ஆணி மாத்தி அடிச்சார்.

உக்காருங்கண்ணே. எங்க போறீங்க? வண்டி எங்கயும் போகாது.

மார்ச்ல ஒரு வெள்ளிக்கிழமை. தவக்காலம், சர்ச்ல மீன் வறுத்துப் போட்டாங்க. ஊர்ல எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. எந்த வீட்லயும் ஆள் இருக்காதுன்னு ஊருக்கே தெரியும். ரெண்டாவது தட்டு வேண்டாம்னு நான் சொன்னேன். எல்டன் கேக்கல. திரும்பி வந்தா ஹால் சுவத்துல ஆணி மட்டும் இருக்கு. டிவியைத் தொடல, பாவம், அது பழசு. லைட் போட்டு வச்ச பெட்டிதான் கண்ணுக்குப் பெருசாத் தெரிஞ்சிருக்கு. உள்ள இருந்தது எதுவும் ஒரு காசு பெறாது. ஒண்ணைத் தவிர.

நான் ஒண்ணும் கத்தல. அன்னைலேருந்து சனிக்கிழமை ராச்சாப்பாட்டுல கிடைச்சுதான்னு ஒரு வார்த்தை கேப்பேன், அவ்வளவுதான். எல்டன் எட்டு கிலோ இளைச்சுட்டார். மீன் சாப்பிடறதை விட்டுட்டார்.

ஏன் சொல்றேனா? இந்த வளையத்தைப் பாருங்க. இதோ லென்ஸ். உள்பக்கம், கீழ. ஆரஞ்சா ஒரு பொட்டு தெரியுதா? துரு இல்லண்ணே. நகப்பாலிஷ். என் பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குனது. விரல்ல போட்டா கேரட் மாதிரி இருந்துச்சு, வச்சுட்டேன். நாங்க ரெண்டு பேரும் போன பிறகு பிள்ளைங்க தெரியாம இதையெல்லாம் நல்லதுன்னு யார்கிட்டயாவது வித்துடக் கூடாதேன்னு, ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து பெட்டியில இருந்த போலி ஒவ்வொண்ணுக்கும் நானே வச்சேன். ரிப்பனைக் கழட்டுனாத்தான் தெரியும். எல்டனுக்கே மறந்திருக்கும்.

குப்புற வைக்கலையேன்னு பாத்தீங்கல்ல? எப்படி வைப்பேன். மார்ச்லேருந்து இவ்வளவு நிஜமான சாமான் இந்த மேசைக்கு வரவே இல்லையே.

நீங்க எடுத்தீங்கன்னு நான் சொல்லல. எவன்கிட்டயாவது வாங்கியிருப்பீங்க. ஏமாறாதவங்க யாரு, எங்க வீட்லயே சுவர் நிறைய இருந்துச்சு. ஆனா வாங்குனேன்னு சொல்லல பாருங்க. தாத்தான்னீங்க.

ஆமாண்ணே, எல்லாரும் எந்திரிச்சுத்தான் நிக்கறாங்க. உங்களைத்தான் பாக்கறாங்க. நாங்க மேசைக்குத் துணி போத்தறது சாயங்காலம், வீட்டுக்குப் போறப்ப. பட்டப்பகல்ல, ஆள் உக்காந்திருக்கற மேசையில துணி விழுந்தா திருட்டுச் சாமான் வந்திருக்குன்னு அர்த்தம். ஒரு ஓரத்தை நீங்களே இழுத்து விட்டீங்க. வாசல்ல கைக்கு முத்திரை குத்தறாரே, அவர் கதவைச் சாத்திட்டார். எல்டன் பக்கத்துல கடுகு சாஸ் வழிய ஹாட் டாக்கோட வர்றாரே, அவர் ஷெரீப் ஆபீஸ்ல டெபுடி, போலீஸ்தான். இன்னைக்கு லீவு. மெதுவாத்தான் வருவார், முடிச்சுட்டுத்தான் பேசுவார்.

அதனால நமக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு. சிலுவைங்களை நீங்களே வச்சுக்கோங்க, பெட்டியோட வச்சுக்கோங்க, எல்டன் ஒண்ணும் சொல்ல மாட்டார். தாத்தாவையும் விடுங்க.

எங்கப்பாவை எங்கண்ணே வச்சிருக்கீங்க?